சிவப்புப் பூசிய தசரா இலைகள்

புனேயில் அக்டோபர் மாதம் இலை உதிராது. இதைச் சொல்லப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதும். ஜூனில் பிடித்த மழை செப்டம்பர் கடைசி வரை கொட்டித் தீர்த்திருக்கும். மரம், மதில், படிக்கட்டு ஓரம் எல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும். ஆனால் நான் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளியின் பாடத்திட்டத்தில் அக்டோபர் என்றால் இலையுதிர் காலம். எங்கோ ஒரு குளிர் தேசத்துக்காக எழுதிய புத்தகத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தார்கள். அட்டையில் கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள் முழங்கால் அளவு சிவப்பு இலைகளுக்குள் நின்று சிரித்தார்கள். அதில் உள்ள கைவேலைகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்ய வேண்டும், தீபாவளி விடுமுறைக்கு முன்னால் பெற்றோர் வரும் நாளில் அவை சுவரில் இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

நான் அந்த ஊருக்கு வந்தே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ராணுவத்தில் இருக்கும் என் கணவருக்கு மே மாதம் புனேக்கு மாற்றல் வந்தது. குவார்ட்டர்ஸ் காலியில்லை என்று வானவடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அவரை எல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

திருநெல்வேலியில் என்னை வாயாடி என்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மருமகள் எப்படிப்பட்டவள் என்பது வரை இறங்குவதற்குள் தெரிந்துகொண்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் இங்கே ஊமையாகிப் போனேன். என் இந்தி காய்கறிக்காரரிடம் பேசப் போதும், ஒரு மனுஷியிடம் மனதைத் திறந்து பேசப் போதாது. மராத்தி ஒரு சொல் தெரியாது. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள், சிக்னல் கிடைத்தால், கணவர் போனில் பேசுவார். மற்ற ஆறு நாளும் என் வாயில் தமிழ் வராது. ஒருநாள் பாத்திரம் கைதவறி விழுந்தபோது "ஐயோ" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிறு போனில் அழுதுவிட்டேன்.

"ஏட்டி, அழாத. தீபாவளி வரைக்கும் இருந்து பாரு," என்றார். "ஒரு மனுசர்கூட ஒட்டலைன்னா வீட்டக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிரு. நான் லீவுல வந்து சாமான ஏத்தி விடுதேன்."

ஊருக்குப் போவதென்றால் அம்மா வீட்டுக்குப் போவது. அங்கே இப்போது அண்ணியின் ஆட்சி. மூன்று நாள் விருந்தாளி, நான்காம் நாளிலிருந்து வீட்டோடு வந்து விழுந்தவள். தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருத்திக்கும் என் வயிற்றைப் பற்றிக் கவலை. எனக்குப் போகவே மனமில்லை. ஆனால் இங்கே ஒரே ஓர் ஆளாவது வேண்டும். தீபாவளிக்குள் யாராவது ஒருவர் என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைக்க வேண்டும். அதற்காகத்தான் தற்காலிக வேலை என்று தெரிந்தும் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். கன்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் கேட்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். "நான் தமிழ்தாம்மா. பேச வரும், லேகின் படிக்க வராது," என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஃபீஸ் ரசீது, பஸ் பாஸ் என்று அவர் கவுன்டரில் எப்போதும் கூட்டம். சரி, இவருக்கும் நான் வேண்டாம் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். நான் சீக்கிரம் முடிவு கட்டுகிறவள்.

இனி இலை விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் முதல் வேலை, இலை மேல் காகிதம் வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. அது பிரமாதமாக வந்தது. அரச இலையின் நரம்பு காகிதத்தில் மெல்ல எழும்பி வந்தபோது நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். அடுத்தது இலைகளை முள்ளாக ஒட்டி முள்ளெலி செய்வது. முள்ளெலியை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. பாதிப் பேர் எலி செய்தார்கள், ஒருவன் முள்ளம்பன்றி செய்தான், ஒருத்தி காண்டாமிருகம் என்று எழுதியே வைத்தாள். கடைசி வேலைதான் பெரியது. சார்ட் பேப்பர்களை இணைத்துச் சுவர் உயரத்துக்கு ஒரு மரம். பிள்ளைகளின் உள்ளங்கையைப் பழுப்புச் சாயத்தில் தோய்த்து அடிமரம், கிளைகளில் நிஜமான சிவப்பு, மஞ்சள் இலைகள்.

சிவப்பு இலைக்கு எங்கே போவது? "மேம், ஆட்டம் சீசன்னா என்ன?" என்று புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பைக் காட்டி ஒரு பிள்ளை கேட்டது. எனக்குத் தெரிந்த இந்தியில், மரத்திலிருந்து இலையெல்லாம் விழும் காலம் என்றேன். "எங்க பில்டிங்ல தினமும் விழுதே, பெருக்குறாங்களே," என்றது.

பச்சை இலையைப் பறித்துச் சிவப்பு அடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் இலை கேட்டேன். கட்டிடத்தின் காவலாளி சாதாரா பக்கத்துக்காரர், அவரிடம் கேட்டேன். எதிர் வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும், கட்டிடமே அவரைக் காகூ என்று கூப்பிடும், நம் ஊரில் சித்தி என்பதுபோல. அவர் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்குழந்தை எங்கள் கட்டிடத்தில்தான் இரண்டாம் மாடியில் இருந்தாள், அவளிடமும் சொன்னேன். அலுவலகத்துத் தமிழ்ப் பெண்மணியிடமும் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். இலை வேண்டும் என்பதற்கு "பத்தா சாஹியே, ஸ்கூல் ப்ராஜெக்ட்" என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லி அந்த இந்தி மட்டும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. இலையம்மா என்று எனக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருப்பார்கள்.

இதற்கிடையில் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று பிரஷ், கத்தரிக்கோல், போஸ்டர் கலர் புட்டிகள் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தேன். கை அளவு பழக்கத்தில் பத்துப் பேருக்கு ஆகிவிட்டது. அதுவும் நல்லதுதான், யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டிடத்தில் எல்லாக் கதவிலும் கேந்திப்பூ மாலை தொங்கியது. முந்தின நாள் மார்க்கெட்டில் கேந்திக் குவியலுக்குப் பக்கத்தில் ஏதோ இலைக்கட்டுகளையும் பார்த்திருந்தேன். நம் மாவிலை போல வாசலில் கட்டுகிற சமாசாரம் என்று கடந்து வந்திருந்தேன்.

மத்தியானம் மணி அடித்தது. காவலாளி. சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம். ஒரு சின்னக் கொத்து இலையை இரண்டு கையாலும் நீட்டி ஏதோ மராத்தியில் சொன்னார். பரவாயில்லையே, சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்து, "தேங்க் யூ பாய் சாப், ப்ராஜெக்ட்டுக்கு ரொம்ப உபயோகம்," என்று இந்தியில் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

ஐந்து மணிக்குக் காகூ வந்தார். மூக்குத்தி, ஒன்பது கஜம் போலக் கனத்த ஒரு சேலை, கையில் நான்கைந்து இலைகள். "ஹாப்பி தசரா" என்றார், நானும் சொன்னேன். இலையைக் கொடுத்துவிட்டுப் புன்னகையோடு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இத்தனை குரோட்டன்ஸ் வைத்துக்கொண்டு இந்த அம்மாளுக்கு நான்கு இலை கொடுக்கத்தான் மனம் வந்ததா, அதுவும் குரோட்டன்ஸ்கூட இல்லை! மரியாதைக்கு நன்றி சொன்னேன். பேச வார்த்தை இல்லாததால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் தோளுக்கு மேலாக ஒருமுறை வீட்டுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஆறு மணிக்கு அந்தச் சிறுமி. புதுப் பாவாடை, தலையில் பூ. "மேம், ஹாப்பி தசரா!" என்று இரண்டே இரண்டு இலையை என் கையில் வைத்தாள். உடனே குனிந்தாள். எதையோ கீழே போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவள் தரையை மட்டும் தொட்டுவிட்டு எழுந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெரி குட், ஸ்கூலுக்கு இன்னும் நிறையக் கொண்டு வா," என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினேன்.

கதவைச் சாத்திவிட்டு இலைகளை மேஜையில் பரப்பினேன். எல்லாம் ஒரே மரத்து இலை. நடுவில் பிளந்து, மாட்டுக் குளம்பு பதிந்ததுபோல இருந்தன. விஜயதசமியன்று தொடங்கினால் எந்த வேலையும் விளங்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். படத்துக்கு முன்னாலிருந்து பிரஷை எடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், ஒவ்வோர் இலைக்கும் ரத்தச் சிவப்பாக வண்ணம் அடித்தேன். அன்று அதிசயமாக லைன் கிடைத்துக் கணவர் கூப்பிட்டார்.

"யாரும் வந்தாங்களாட்டி?"

"ஈ காக்காகூட எட்டிப் பாக்கல. சுண்டலெல்லாம் வீணாப் போச்சு," என்றேன். மறுநாள் காலையில் அதைக் குப்பையில் கொட்டியபோது அந்த ஊர் மீதே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பண்டிகை நாளில் தனியாக இருக்கிற ஒருத்தியை எட்டிப் பார்க்க ஒரு ஜென்மம் இல்லையே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் பை பையாக இலை கொண்டுவந்தார்கள். கறிவேப்பிலை கொண்டுவந்தவனும் உண்டு. பிளாஸ்டிக் இலை வாங்கி அனுப்பிய பணக்கார அம்மாவும் உண்டு. அன்று என் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே அதே குளம்பு இலை ஒன்று தனியாக இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை. அதற்கும் சிவப்பு அடித்தேன். மரம் நன்றாகத்தான் வந்தது. நல்ல சிவப்பாக அமைந்த அந்தப் பிளந்த இலைகளை உச்சிக் கிளையில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டினேன்.

பெற்றோர் வந்த நாளில் எங்கள் கட்டிடத்துச் சிறுமி அப்பாவின் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துவந்தாள். உச்சிக் கிளையைக் காட்டி, "பாபா, அது என் சோனா! மேம் மேலே வச்சிருக்காங்க!" என்று இந்தியில் கத்தினாள். அப்பா அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து உதட்டால் மட்டும் சிரித்தார்.

சோனா என்றால் தங்கம் என்பது நகைக்கடை விளம்பரம் பார்க்கிற எவருக்கும் தெரியும். இலை எப்படித் தங்கமாகும்? அலுவலகத்துக்குப் போய்த் தமிழ்ப் பெண்மணியிடம் கேட்டேன். நல்லவேளை, கூட்டம் இல்லை.

"அரே, உனக்கு யாரும் சொல்லலியா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "அது ஆப்டா எலைம்மா. தசராக்கு அதுதான் சோனா. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்க் குடுப்பாங்க. சின்னவங்க பெரியவங்க காலத் தொடுவாங்க. நாம வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கணும், உள்ள உக்கார வச்சு மிட்டாய் குடுக்கணும். நாங்க சர்ச் போறவங்கதான், ஆனா எங்க வீட்டுக்கும் எல்லாரும் கொண்டு வருவாங்க. சண்டை போட்டவங்ககூட அன்னிக்கு வந்து குடுத்துருவாங்க."

யார் யார் வந்தார்கள் என்று சொன்னேன்.

"முதல் வருசமே மூணு பேரா? சான் இல்லே, எவ்ளோ நல்லது! நீ என்ன பண்ணே?"

"ப்ராஜெக்ட்டுக்குன்னு நெனச்சுட்டேன். பெயிண்ட் அடிச்சு ஒட்டிட்டேன்."

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு தயங்கித் தயங்கி, "நானும் உன் டேபிள்ல ஒண்ணு வச்சேனே," என்றார்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். காவலாளி கொஞ்சம் நின்றது, காகூ உள்ளே பார்த்தது, குழந்தை குனிந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒரே ஓர் ஆள் கேட்டேன். நான்கு பேர் வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தது நான்தான், சாத்தியதும் நான்தான். சுண்டல் பத்தடி தூரத்தில் சூடாக இருந்தது.

அன்று சாயங்காலமே பூக்கடைக்காரியிடம் போய் ஆப்டா இலை கேட்டேன். தசரா எப்போதோ முடிந்துவிட்டதே என்று சிரித்தாள். வெறும் கையோடு போய் எதிர் வீட்டு மணியை அடித்தேன். படிக்கட்டிலேயே மனப்பாடம் செய்த இந்தி காகூவின் முகத்தைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். உள்ளே உறவினர்கள் பேசும் சத்தம் கேட்டது, குக்கர் விசிலடித்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை என்றார். எங்களோடு ஒட்ட உனக்கு இஷ்டமில்லை போல என்று நினைத்துவிட்டோம் என்றார். இப்போது ஓர் இலை கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். எங்கேயாவது மரம் இருக்கும், தேடிப் பறித்துவருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மற்ற நாளில் அது வெறும் இலைதானே, அடுத்த வருஷம் நீ முதலில் வா, என்றார். குக்கர் மறுபடி விசிலடித்தது. போக வேண்டும் என்று கையை விட்டார்.

ஞாயிறு கணவர் கேட்டார். "என்னட்டி முடிவு பண்ணுன? சாமான ஏத்தவா?"

"வேண்டாங்க. அடுத்த தசராவுக்கு நான் இங்கன இருக்கணும்."

"அதென்ன தசரா?"

சொன்னேன். "இதுக்குப் போயா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டு, "சரிட்டி, இரு," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. தீபாவளிக்குக் காகூ வீட்டுக்கு முறுக்கு கொடுத்தேன், தட்டு அவர்கள் ஊர் முறுக்கான சக்லியோடு திரும்பி வந்தது. படியில் பார்த்தால் சிரித்துக்கொண்டோம். காவலாளி எப்போதும்போல வணக்கம் சொன்னார். அலுவலகத்து அம்மாள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். சிறுமி தன் சோனா இன்னும் சுவரில் இருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்த்தாள். வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லை. ஆனால் அந்தத் தனிமையை என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது, ஏனென்றால் எனக்குச் செய்ய ஒரு காரியம் இருந்தது. தசராவன்று காலையிலேயே எழுந்து, முதல் ஆளாகப் போய், நான்கு பேர் கையிலும் இலையை வைக்க வேண்டும். யார் வந்தாலும் கதவை அகலத் திறந்து உள்ளே உட்காரவைக்க வேண்டும். சொல்ல வேண்டிய மராத்தி வாக்கியத்தைக்கூட அலுவலகத்து அம்மாளிடம் கேட்டுப் பழகி வைத்திருந்தேன்.

ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரத்தில், கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். ஞாயிறு அல்லாத நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை. வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது, குடும்பத்தோடு இருக்கலாம், குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள், ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்றார். அவர் குரல் துள்ளியது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இருவரும் காத்திருந்தது அதற்குத்தான்.

"இனி நீ தனியா இருக்க வேண்டாம்லா," என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தசராவுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. "சந்தோசமாட்டி?" என்று கேட்டார். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை.